கடற்பயணமும் கைப்பணமும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்பது நெடுங்காலமாக ஒரே பொருளைத்தான் குறித்து வந்துள்ளது. பள்ளிக்கூடம் மூடியதும் பெட்டி படுக்கையைக் கட்டுவோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ ஏறுவோம். ஏறக்குறைய 2,180 கிலோமீட்டரைக் கடந்து சென்னை சென்ட்ரலில் இறங்கி, அவரவர் ஊர் சேர்ந்து, பெற்றோர் நிழலில் இரண்டு மூன்று வாரம் இளைப்பாறித் திரும்புவோம். ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இந்த ஒரு பயணத்தில் கரைந்துவிடும். ஆயினும் அதைச் செலவென்று எவரும் கருதுவதில்லை.

அண்மைக் காலமாக நம் வீடுகளில் புதியதோர் ஆசை தலைகாட்டியிருக்கிறது. அதுதான் கப்பல் ஆசை. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ என்னும் சொகுசுக் கப்பல் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. 2022 ஜூனில் அது சென்னைத் துறைமுகத்துக்கும் வந்தது. 2023இல் இலங்கைத் துறைமுகங்களையும் எட்டியது. நீச்சல் குளமும் நாடக அரங்கும் கொண்ட அந்த மிதக்கும் மாளிகையின் படங்களைக் கைப்பேசியில் கண்ட குழந்தைகள், “நாம் எப்போது போவோம்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நம் இல்லத்திலும் இக்கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடப் புகுந்து நாம் கற்ற பாடங்களை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ரயில்வேயில் ஓர் எழுத்தர். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவரல்லர். ஆனால் கட்டணப் பட்டியல்களைப் படிப்பதே நம் தொழிலாதலால், கணக்குப் பார்ப்பதில் ஓரளவு பழக்கமுண்டு என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

கரோல் பாக்கில் உள்ள ஒரு பிரயாண ஏஜெண்டிடம் முதலில் சென்றோம். எந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டோம் என்பது இங்கு முக்கியமன்று. உலகெங்கும் சொகுசுக் கப்பல்களின் கணக்கு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான்.

விளம்பரத்தில் காணும் தொகை ‘தலைக்கு இவ்வளவு’ என்று இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில், ‘இருவர் ஓர் அறையில் தங்கினால்’ என்று கண்டிருக்கும். இந்தச் சிறிய எழுத்தில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. ரயிலில் நாம் வாங்குவது ஓர் இருக்கை அல்லது ஒரு படுக்கை. சொகுசுக் கப்பலிலோ நாம் வாங்குவது ஓர் அறை. அந்த அறையில் ஒருவரே தங்கினாலும் பெரும்பாலும் இருவர் கட்டணத்தைக் கொடுத்தாக வேண்டும். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் கட்டணம் குறைவு. ஆனால் ஓர் அறையில் நால்வருக்கு மேல் இடமளிப்பது அரிது.

நம் குடும்பத்தில் ஐவர்: நாம், மனைவியார், மகன், மகள், ஊரில் இருக்கும் நம் தந்தையார். எளிதாக விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். அறையில் முதலிருவருக்குத் தலைக்கு ரூ.20,000 என்றும், மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் அதில் பாதி என்றும் கொள்வோம். நால்வர் ஓர் அறையில் சென்றால் ரூ.60,000. ஐந்தாமவர் சேர்ந்தால் இரண்டாவது அறை வேண்டும். அதில் அவர் தனியே தங்க இருவர் கட்டணமாக ரூ.40,000 ஆகும். மொத்தம் ஒரு லட்சம்! நால்வருக்கு அறுபது, ஒருவருக்கு நாற்பது.

இங்கே ஒரு சிறு உபாயம் உண்டு. பேரனைத் தாத்தாவின் அறைக்கு மாற்றிவிட்டால் முதல் அறைக்கு ரூ.50,000, இரண்டாவது அறைக்கு ரூ.40,000, ஆக ரூ.90,000 ஆகும். ஆட்களை இடம் மாற்றியதாலேயே பத்தாயிரம் மிச்சம். பெரிய குடும்பமாகச் செல்வோர் பணம் கட்டுமுன் இவ்வாறு அறைகளைப் பலவிதமாகப் பிரித்துப் பார்த்து விலை கேட்பது நலம். ஏஜெண்டுகள் தாமாகச் சொல்வதில்லை.

இதற்குமேல் துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் ஆகியவை தலைக்கணக்கில் சேரும். ‘சிறுவர்க்கு இலவசம்’ என்று விளம்பரம் வந்தாலும் இவற்றிலிருந்து சிறுவர்க்கு விலக்கு உண்டா என்று கேட்டறிய வேண்டும். கப்பலேறிய பிறகு பானங்கள், இணையத் தொடர்பு, சிறப்பு உணவகம், புகைப்படம், கரையிறங்கிச் சுற்றும் ஏற்பாடு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. கையில் காசு கொடுக்காமல் அட்டையைக் காட்டிக் கையெழுத்திடுவதால் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. இறங்கும் நாளில் சீட்டு நீளமாக வந்து நிற்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது கப்பலைப் பார்த்துத்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

சொகுசுக் கப்பலில் செல்வோர்க்கு

அப்படியும் ஒரு முறை போய்வர விரும்பும் அன்பர்களை நாம் தடுக்கவில்லை. அவர்கள் சில செய்திகளை மனத்திற் கொள்ளலாம்.

முதலாவது, சன்னலற்ற உள்ளறையே விலை குறைந்தது. அதில் இருப்பவருக்கும் பலகணி அறையில் இருப்பவருக்கும் பொது உணவுக்கூடமும் மேல்தளமும் ஒன்றுதான். இரவு தூங்க மட்டும் அறைக்குச் செல்பவருக்குப் பலகணி எதற்கு?

இரண்டாவது, கரையில் சுற்றிப் பார்க்கக் கப்பல்காரர் விற்கும் ஏற்பாட்டை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு வாடகை வண்டி அமர்த்தினால் பெரும்பாலும் செலவு குறையும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நாமே ஏற்பாடு செய்துகொண்டு போய்த் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திராது. இரண்டு மணி நேரமாவது முன்னதாகத் திரும்புவது விவேகம்.

மூன்றாவது, பணம் கட்டுமுன் ‘எல்லாம் அடங்கிய தொகை எவ்வளவு? பயணத்தை ரத்துச் செய்தால் திரும்புவது எவ்வளவு?’ என்ற இரு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெறுங்கள். வாய்மொழி வாக்குறுதி துறைமுகத்தில் செல்லாது.

நான்காவது, தில்லியிலிருந்து துறைமுகம் வரையிலான ரயில் அல்லது விமானச் செலவையும் கப்பல் செலவோடு கூட்டிப் பாருங்கள். நமக்கு ரயில்வே பாஸ் உண்டு. நேயர்கள் பலருக்கு அது இல்லை. ஐந்து வயது நிரம்பி, பன்னிரண்டு நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம் என்பதையும் நினைவில் வையுங்கள். சுற்றுலாவுக்கென்று தனியே சென்னைக்கோ மும்பைக்கோ போவதைவிட, ஊருக்குப் போகும் பயணத்தோடு கப்பலையும் சேர்த்துவிட்டால் ஒரு போக்குவரத்துச் செலவு முழுவதும் மிஞ்சும்.

கரையில் நின்ற பையன்

மீண்டும் நம் கதைக்கு வருவோம். ஏஜெண்ட் நம் முகவாட்டத்தைக் கண்டு, “ஐயா, பெரியவரை விட்டுவிட்டு நால்வராகப் போங்கள், செலவு வெகுவாகக் குறையும்” என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரியே. அன்று இரவு தந்தையாரிடம் தொலைபேசியில் தயங்கித் தயங்கி இதைச் சொன்னோம்.

“அதனாலென்ன தம்பி? பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் போய் வாருங்கள். நான் கரையில் நின்று பார்க்கிறேன். எனக்கு அது பழக்கந்தானே” என்றார் அவர்.

இவ்வார்த்தையின் பொருள் நேயர்களுக்கு விளங்க வேண்டுமானால் பழைய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர் நாகப்பட்டினத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். நம் பாட்டனார் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அந்நாளில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினம் வந்து, பினாங்கு, சிங்கப்பூர் செல்லும் கப்பல்களில் ‘ரஜூலா’ பெயர் பெற்றது. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1973 வரை இவ்வழியில் ஓடியது. கப்பல் கரைக்கு வாராது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகளில் சென்று ஏற வேண்டும். அறைக்குப் பணமில்லாதோர் மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பயணம் செய்வர். ‘டெக் பாசஞ்சர்’ என்ற சொல்லை நம் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் மறக்கவில்லை.

பாட்டனார் விடுப்பு முடிந்து திரும்பும்போதெல்லாம், பத்து வயதுப் பையனான நம் தந்தையார் நாகைக் கடற்கரையில் நின்று, கப்பலின் புகை மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். தாமும் ஒருநாள் ஏறலாம் என்று எண்ணியிருந்தார். காலம் ஒத்துவரவில்லை. ரஜூலாவுக்குப் பின் சென்னை–சிங்கப்பூர் வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலும் 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்தோடு நின்றுபோயிற்று. கடலோரத்தில் பிறந்து எழுபதைத் தொடும் மனிதர் ஒரு முறையும் கப்பலேறவில்லை.

தொலைபேசியை வைத்ததும் மனைவியார் சொன்னார்: “மாமாவை விட்டுவிட்டுப் போகிற கப்பல் நமக்கு எதற்கு? அவரும் வருகிற கப்பலாகப் பாருங்கள்.”

அங்கேதான் நம் கணக்கு தலைகீழாக மாறியது. ‘இந்தக் கப்பலில் எப்படிச் செலவைக் குறைப்பது?’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ‘கப்பற் பயணத்தில் நமக்கு வேண்டியது என்ன?’ என்று கேட்டிருக்க வேண்டும். நமக்கு வேண்டியவை கடல், வானம், ஐவரும் ஒன்றாய் இருக்கும் சில நாட்கள். நீச்சல் குளத்தை எவரும் கேட்கவில்லை.

படுக்கைக்குக் கட்டணம் வாங்கும் கப்பல்கள்

அறைக்கன்றி, ரயிலைப் போலப் படுக்கைக்குக் கட்டணம் வாங்கும் கப்பல்கள் நம் நாட்டில் உள்ளன. சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தா ஆகிய துறைமுகங்களிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் அரசுக் கப்பல்களே அவை. சென்னையிலிருந்து 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம். பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட ‘பங்க்’ வகுப்பு, பலர் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டாம் வகுப்பு அறை, முதல் வகுப்பு, டீலக்ஸ் எனப் பிரிவுகள் உண்டு. அமைப்பு கப்பலுக்குக் கப்பல் சற்று மாறும். தீவில் வசிப்போருக்கு ஒரு கட்டணம்; நம்மைப் போன்ற வெளியாருக்கு அதனினும் கூடுதலான கட்டணம். உணவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும்.

மேற்கே கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் கப்பல்கள் செல்கின்றன. பகலில் தீவு, இரவில் கப்பல் என்னும் முறையில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைக் காட்டும் ‘சமுத்திரம்’ என்ற ஏற்பாட்டை லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாச் சங்கம் நடத்தி வந்துள்ளது. அத்தீவுகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால், தில்லிப் பள்ளிகளின் கோடை விடுமுறைக்கு அது பொருந்தாது. குளிர்கால விடுமுறைக்கே பொருந்தும்.

மிகக் குறைந்த நேரத்தில் கடலைக் கடந்து பார்க்க விரும்புவோர்க்கு நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் நடைபெறலாயிற்று. சில மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை சேரலாம். பாஸ்போர்ட் அவசியம். பருவநிலையை ஒட்டி அது நிறுத்தப்படுவதும் உண்டு.

நாம் தேர்ந்தது அந்தமான் கப்பல். நமக்கும் மனைவியாருக்கும் குழந்தைகளுக்கும் ‘பங்க்’. தந்தையாருக்கும் அதே கூடத்தில் கீழ்ப் படுக்கை. ஐந்தாமவருக்கென்று இரட்டைக் கட்டணம் எங்கும் இல்லை.

தேதிதான் பணம்

இக்கப்பல்களில் ஒரு தொல்லை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. மாதத்தில் சில நடைகளே செல்லும். தேதி அறிவிப்பு நெருங்கித்தான் வரும். வந்த தேதியும் காற்று மழையாலோ பழுதாலோ தள்ளிப்போகலாம். ரயிலுக்கோ அறுபது நாள் முன்னதாகவே இடம் பதிவு செய்ய வேண்டும். தில்லியிலிருந்து நேரே வந்து கப்பலுக்குக் காத்திருப்போர் சென்னை விடுதியில் நான்கு நாள் வாடகை கொடுக்க நேர்ந்தால், கப்பலில் மிச்சம் பிடித்தது விடுதியில் போய்விடும்.

இதற்கு நாம் கண்ட வழி எளியது. முதலில் ஊருக்குப் போனோம். கப்பல் தள்ளிப்போனால் வீட்டில் இருப்போம். பாட்டி வீட்டுத் திண்ணைக்கு வாடகை ஏது? நம் கப்பலும் இரண்டு நாள் தள்ளித்தான் போயிற்று. அவ்விரு நாளும் பெற்றோர் வீட்டில் கழிந்தன. திரும்பும் ரயிலுக்கும் இவ்வாறே சில நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்திருந்தோம். ‘ஊர், கப்பல், மீண்டும் ஊர்’ என்னும் இவ்வரிசையை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

கடற் காற்றைப் பற்றியும் ஒரு சொல். தென்மேற்குப் பருவ மழை மே மாதத்தின் மூன்றாம் வாரவாக்கில் அந்தமானைத் தொடுவது வழக்கம். அதன்பின் அலை மிகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல்கள் உண்டு. சனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குமட்டலுக்கான மாத்திரையை, குழந்தைகளுக்கும் முதியோருக்கும் மருத்துவரைக் கேட்டே வாங்கிக் கொள்ளுங்கள்.

மூன்று நாட்கள்

கப்பலில் சொகுசு எதுவும் இல்லை. உணவு எளியது. கழிப்பறைக்கு வரிசை நிற்க வேண்டும். கரை மறைந்த சிறிது நேரத்தில் கைப்பேசி ஊமையாகிவிடும். முதல் நாள் மகள் வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்திருந்தாள். போர்வை, உலர்ந்த தின்பண்டம், எலுமிச்சை, ஊறுகாய், சீட்டுக்கட்டு, இரண்டு புத்தகம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டு சென்றது பெரும் உதவியாயிற்று.

இரண்டாம் நாள் விடியற்காலை தந்தையாரின் படுக்கை வெறிதாயிருந்தது. திடுக்கிட்டு மேல்தளம் சென்றோம். அவர் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். பேரன் அருகில் நின்றான். நீரிலிருந்து வெள்ளியாய்ச் சில மீன்கள் எழுந்து பறந்தன. “கோலா, கோலா!” என்று தந்தையார் கைநீட்டிக் காட்டினார். நாகைக் கூடைகளில் மட்டும் அம்மீனைக் கண்டிருந்தவர், அது பறப்பதை அன்றுதான் கண்டார். பிறகு நம்மைப் பார்த்து, “கரை இப்படித்தான் மறைந்திருக்கும், அவருக்கு” என்றார். யாரைச் சொல்கிறார் என்று நாம் கேட்கவில்லை.

தீவில் ஐந்து நாள் இருந்தோம். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைக் குழந்தைகளுக்குக் காட்டினோம். தீவுக்குத் தீவு செல்லத் தனியார் விரைவுப் படகுகளைவிட அரசுப் படகுகள் மலிவு. தீவுவாசிகளுக்கு முதலிடம் என்பதால் முன்னதாகவே முயல வேண்டும். சந்தையில் தமிழ்க் குரல் கேட்டுக் குழந்தைகள் வியந்தனர். 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சில, நிக்கோபார்ப் பகுதியிலுள்ள கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட செய்தியை அங்குதான் நாம் தெளிவாக அறிந்தோம். தில்லிக்கு வந்த நாமும் தீவுக்கு வந்த அவர்களும் ஒரே கடலோரத்துக் கிளைகள் அல்லவா?

தில்லி திரும்பியபின் மனைவியார் குறிப்பேட்டில் கணக்கைக் கூட்டினார். ஐவர் சென்று வந்த முழுச் செலவும், ஏஜெண்ட் நால்வருக்குச் சொன்ன தொகைக்குள் அடங்கியிருந்தது. இது நம் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டோம். பாஸ் இருந்ததும், ஊர் கடலோரத்தில் இருந்ததும் நமக்கு வாய்த்த வசதிகள். ஒவ்வொருவர் நிலையும் வேறுபடும், கட்டணங்களும் மாறும். புறப்படுமுன் கப்பல் அலுவலகத்தில் அவ்வப்போதைய கட்டணத்தையும் தேதியையும் கேட்டுக்கொள்வது இன்றியமையாதது.

சிக்கனம் என்பது வேண்டாததை விலக்குவது. பலகணியை விலக்கலாம், பானத்தை விலக்கலாம், மெத்தையைக்கூட விலக்கலாம். ஆனால் பட்டியலில் முதலில் நீக்கப்படுவது வீட்டுப் பெரியவரின் பெயராக இருக்குமானால், அது சிக்கனமன்று. செலவைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள்.

வரும் விடுமுறைக்குத் திட்டமிடும் அன்பர்கள், ஊரில் உள்ளவர்களையும் எண்ணிப் படுக்கைகளைக் கணக்கிடுவார்களாக.